டொக் சத்தமும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும்

கிளட்சை விடும்போது ஒரு 'டொக்'. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு 'டொக்'. தெருவுக்குள் மெதுவாகப் போனால் பின்னாலிருந்து 'டிக், டிக், டிக்'. கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு பாலத்தின் மேல்தான் முதலில் கவனித்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் சத்தம் பாலத்துச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சரி, இந்த மாத ஞாயிற்றுக்கிழமைகள் போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வண்டி, இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு; டிரயம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். 948 சிசி. என் மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியவர். வைத்திக்குப்பத்தில் எல்லோருக்கும் அவர் சொல்தா மாமா. சென்னையில் வாங்கிய இந்த வண்டியைக் கடைசிவரை விற்க மனசில்லாமல் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். இதையா ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாய் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: 1962இல் டிரயம்ஃப் கம்பெனி ஸ்பிட்ஃபயர் என்று இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்ததே, அது நின்றது இந்த ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி அதன் மேல்தான். இரண்டுக்கும் உருவம் வரைந்தவரும் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. சட்டைதான் வேறு, எலும்பு ஒன்று. நோயும் ஒன்று.

நோய்க்குக் காரணம் என் அலட்சியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் ஷெட்டில் சக்கரத்தின் நடு அச்சு வரை தண்ணீர். வடிந்த பிறகு பிரேக்கைக் கழற்றித் துடைத்தேன், இன்ஜின் ஆயிலை மாற்றினேன், சீட்டை மாடியில் காயப்போட்டேன். அடியில் படுத்து நாலு இடத்தில் கிரீஸ் அடிக்கத் தோன்றவில்லை. கடல் பக்கத்து வீடு வேறு. உப்புக் காற்றில் துருவுக்குச் சொல்லியா தரவேண்டும்?

முதல் ஞாயிறு, பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கீழே படுத்தேன். கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினேன். நன்றாக ஆடியது. 'டொக்' என்றும் கேட்டது. ஆகா, கிராஸ் (ஷாஃப்ட் மடியும் ஜாயிண்டின் நடுவே இருக்கும் கூட்டல் குறி வடிவத் துண்டு) போயிருக்கிறது, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். இங்கேதான் முதல் தப்பு. ஷாஃப்ட் மொத்தமாகச் சுற்றுவதில் இருக்கும் ஆட்டம் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியால்கூட வரும். கிராஸ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஜாயிண்டுக்கு இந்தப் பக்கக் கவையை (கிராஸைப் பிடித்திருக்கும் இரண்டு விரல் போன்ற முனை) ஒரு கையிலும் அந்தப் பக்கக் கவையை இன்னொரு கையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகவேண்டும். இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் ஜாயிண்டில் குற்றமில்லை. ஒன்று நின்று மற்றது மட்டும் நகர்ந்தால்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அன்று இது தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். அவசரம்.

ஹெரால்டில் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் முன்முனையை எட்ட வண்டிக்கு உள்ளேயிருந்துதான் வழி. முன் சீட்டுகளை எடுத்து, கார்பெட்டை உருட்டி, கியர்பாக்ஸ் மூடியைத் தூக்கவேண்டும். போல்ட் எல்லாம் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் உட்கார்ந்ததுபோல்தான் தெரியும். இறுகிப்போன நட்டில் கொஞ்சம் அழுத்தினால் அதன் முனைகளை மழித்துவிட்டு வந்துவிடும். இரண்டு நட்டை அப்படி மொட்டையடித்த பிறகுதான் மாமாவின் பழைய தகரப்பெட்டியில் இஞ்ச் ஸ்பேனர் செட் இருப்பது ஞாபகம் வந்தது.

கழற்றிய ஷாஃப்டை நெல்லித்தோப்பில் பாய் பட்டறைக்குக் கொண்டு போனேன். எழுபது வயசைத் தாண்டியவர். சின்ன வயசில் ஹெரால்டுகளைப் பிரித்துப் போட்ட கை. துணியால் துடைத்து, ஜாயிண்டை மடக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இன்னும் பத்து வருஷம் ஓடுமே, இதை ஏன் கழட்டினே?" என்றார். சத்தம் என்றேன். "சத்தத்தைக் கேட்டுக் கழட்டக்கூடாது தம்பி, கையை வச்சுப் பார்த்துக் கழட்டணும்."

கேட்டேனா? கழற்றியதுதான் கழற்றிவிட்டோம், மாற்றிவிடுவோம் என்று இரண்டாவது ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை சென்னை புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். மாதிரியைக் கையில் கொண்டு போவதுதான் நல்லது. ஒரு கடையில் அம்பாசிடர் கிராஸைக் கொடுத்து "அதேதான் சார்" என்றார்கள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தது. வெர்னியர் வைத்தால் வேறு. கிராஸின் ஒவ்வொரு காலிலும் மாட்டும் கப்பின் விட்டம், எதிரெதிர் கப் இரண்டின் வெளிமுனைகளுக்கு நடுவே உள்ள நீளம், இந்த இரண்டையும் அளந்த பிறகே காசை எடுக்கவேண்டும். நாலாவது கடையில் சரியான அளவு கிடைத்தது. நல்லவேளை, நாலு வாங்கினேன். எதற்கு நாலு என்று அப்போது எனக்கே தெரியாது.

கிராஸ் மாற்றும் வேலை கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். கப் வெளியே வராமல் பிடிக்கும் சர்க்லிப் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் பழைய பெயிண்டும் துருவும் கெட்டியாகி இருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் பிளையரைப் போட்டால் கிளிப்பின் காது முறியும். பிறகு வைஸில் வைத்து, ஒரு பக்கம் கப்பைவிடச் சின்ன சாக்கெட், மறுபக்கம் கப் உள்ளே விழும் அளவுக்குப் பெரிய சாக்கெட். வைஸை இறுக்க இறுக்கச் சின்னது தள்ளும், பெரியது வாங்கிக்கொள்ளும். சுத்தியலால் அடித்து இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். கவை ஒரு நூல் விரிந்தாலும் புதுக் கப் பிடிக்காது, அப்புறம் ஷாஃப்டையே மாற்றவேண்டியதுதான்.

மூன்றாவது ஞாயிறு எல்லாவற்றையும் மாட்டி இ.சி.ஆரில் காலாப்பட்டு பக்கம் விட்டேன். 'டொக்' அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒரு அதிர்வு. ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரிந்தது.

அதிர்வுக்குக் காரணம் அன்று இரவே பிடிபட்டது. என் வண்டியில் இருப்பது நடுவே ஸ்ப்ளைன் பற்களில் சறுக்கிக்கொடுக்கும் ஷாஃப்ட். வசதிக்காக அதை இரண்டாக இழுத்துவிட்டேன், அடையாளம் போடாமல். இந்த வகை ஜாயிண்ட் மடிந்த நிலையில் சுற்றும்போது ஒரு பக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகமெடுத்து இரண்டு தடவை தளரும். அதனால்தான் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஜாயிண்ட் வைத்து, இரண்டு கவையையும் ஒரே தளத்தில் நிறுத்துகிறார்கள். முன்னது செய்யும் கோளாறைப் பின்னது கழித்துவிடும். ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே இந்தக் கணக்கு உடையும், ஷாஃப்டின் பேலன்ஸும் போகும். ஷாஃப்டைத் திரும்ப இறக்கி சிமெண்டுத் தரையில் படுக்கவைத்துப் பார்த்தேன். ஒரு முனைக் கவை படுத்திருந்தது, இன்னொன்று லேசாகத் தலையைத் தூக்கியிருந்தது. சரியாக ஒரு பல். ஒரு சொட்டு வெள்ளை பெயிண்ட் வைத்திருந்தால் மிச்சமாகியிருக்கும் ஒரு நாள்.

நான்காவது ஞாயிறு அதிர்வு போய்விட்டது. 'டிக், டிக்' போகவில்லை. அக்கா பையன் வந்திருந்தான். சும்மா வேடிக்கை பார்த்தவன், "மாமா, இது எண்ணுற மாதிரி வருதே" என்றான். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பொறி தட்டியது. இந்த வண்டியில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் போய்விடும். சாக்பீஸால் பின் டயர் இரண்டிலும் கோடு போட்டு, நியூட்ரலில் வைத்துத் தெருவில் தள்ளினோம். அவன் ஸ்டியரிங் பக்கம், நான் பின்னால் குனிந்து. கோடு ஒரு தடவை தரைக்கு வந்தால் ஒரு 'டிக்'. அடுத்த சுற்று, அடுத்த 'டிக்'. பால்காரர் வண்டியை நிறுத்தி, "ஸ்டார்ட் ஆகலையா?" என்று அவரும் கை கொடுத்தார். ஆக, குற்றம் சக்கரத்தின் வேகத்தில் சுற்றும் பொருளில். அதாவது டிஃபரன்ஷியலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள சின்ன ஷாஃப்டில்.

ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சேஸியோடு போல்ட் போட்டு நிற்கும். பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். டிஃபரன்ஷியலை ஒட்டி ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு ஜாயிண்ட். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மடிவது அதுதான், இழுவையைத் தாங்குவதும் அதுதான். ஃபெஞ்சல் தண்ணீர் நின்ற உயரமும் சரியாக அங்கே. ஸ்டாண்டில் ஏற்றி, இந்தத் தடவை ஒழுங்காக இரண்டு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகினேன். வலது பக்கம் அசையவில்லை. இடது பக்கம் கவை தனியாக நகர்ந்தது, கண்ணுக்கே தெரிந்தது.

ஐந்தாவது ஞாயிறு பாயும் வந்தார். "ஹப்பைத் தொடாதே தம்பி. அது டேப்பர்ல பிடிச்சிருக்கும், புல்லர்தான் வளையும். நமக்கு வேண்டியது உள்பக்கம். மொத்தமா வெளிய இழுத்துடு." பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ரேடியஸ் ராடு, டிஃபரன்ஷியல் பக்கம் நாலு போல்ட். ஷாக் அப்சார்பரைக் கழற்றும் முன் அடியில் ஜாக்கி கொடுத்து ஸ்பிரிங் பட்டையைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். குறுக்காக ஓடும் அந்தப் பட்டை கீழே இறங்காமல் தடுத்துப் பிடித்திருப்பது ஷாக் அப்சார்பர்தான். விட்டால் கால் மேல் விழும். கடைசியில் பட்டையின் கண் போல்ட். அது மட்டும் இரண்டு மணி நேரம் வாங்கியது. தகரப்பெட்டியில் இருந்த நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி இருவரும் தொங்கிய பிறகு ஒரு அலறலோடு அசைந்தது.

கப்பைத் தள்ளியதும் உள்ளிருந்து கொட்டியது கிரீஸ் இல்லை, மிளகாய்த்தூள். அவ்வளவு சிவப்பு, அவ்வளவு பொடி. கிராஸின் ஒரு காலில், கப்புக்குள் உருளும் ஊசி போன்ற நீடில் ஒவ்வொன்றும் வரி வரியாகப் பள்ளம் தோண்டி வைத்திருந்தது. நகத்தை ஓட்டினால் சீப்புமேல் ஓட்டுவதுபோல் 'கிர்ர்' என்றது. பாய் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், பட்டறைப் பையன்களுக்குக் காட்டுவதற்காம்.

புதுக் கிராஸ் மாட்டும்போது கடைசிக் கப்பில் சர்க்லிப் உட்காரவே இல்லை. ஒரு மயிரிழை பாக்கி. நான் வைஸை இன்னும் இறுக்கப் போனேன், பாய் கையைத் தட்டிவிட்டார். "உள்ள ஒண்ணு படுத்துக்கிச்சு." கழற்றினால், ஆமாம், நீடில் ஒன்று சுவரோரம் நிற்காமல் கப்பின் அடியில் குறுக்கே விழுந்து கிடந்தது. இறுக்கியிருந்தால் கப் உடைந்திருக்கும். கெட்டி கிரீஸில் நீடில்களை ஒட்டவைத்து, கிராஸின் காலைக் கப்புக்குள் விட்டுப் பிடித்தபடியே இறக்கினோம். கிளிப் 'டக்' என்று உட்கார்ந்தது. ஜாயிண்ட் முதலில் முரண்டு பிடித்தது. கவையின் மேல் மரச்சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் இளகி, தன் கனத்திலேயே மடிந்து விழுந்தது.

ஆறாவது ஞாயிறு பிரேக்கில் காற்று எடுத்துவிட்டு இறக்கினால், பின் சக்கரங்கள் இரண்டும் அடியில் மடங்கி வண்டி நடக்கப் பழகும் கன்றுக்குட்டி மாதிரி நின்றது. அக்கா பையன் பயந்துவிட்டான். இந்த ஜாதி வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினால் அப்படித்தான் நிற்கும், பத்தடி உருட்டினால் கால் விரித்துச் சரியாகிவிடும்.

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டி விடமாட்டார்கள். அதனால் காலை எட்டு மணிக்கு அங்கே ஒரு சுற்று, பிறகு கடலூர் சாலையில் கன்னியக்கோயில் வரை. சுண்ணாம்பாறு பாலத்தில் கண்ணாடியை இறக்கி, கிளட்சை வேண்டுமென்றே மூன்று தடவை விட்டுப் பார்த்தேன். இன்ஜின் சத்தம், டயர் சத்தம், காற்று. வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஷெட்டில் நிறுத்தி அடியில் டார்ச் அடித்தேன். இடது டிஃபரன்ஷியல் சீலில் ஒரு துளி ஆயில் தொங்குகிறது. நாலாவது கிராஸ் இன்னும் டப்பாவில் இருக்கிறது. வலது பக்கத்துக்கும் அதே தண்ணீர்தானே நின்றது? மழைக்கு முன்னால் அதையும் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.