வெள்ளி ரூபாய் மேசை: ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 6, ஞாயிறு

அசலா கள்ளமா என்று பார்க்க இன்று தராசில் ஏறியவை 18 ரூபாய்கள். எல்லாம் ஐந்தாம் ஜார்ஜ், 1912 முதல் 1920 வரை. இந்த வரிசையில் ஒவ்வொன்றும் 11.66 கிராம் இருக்க வேண்டும், அதாவது சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்துக் கடைகளில் இன்னும் காதில் விழும் ‘ரூபாய் எடை’ இதுதான். 12 பங்கில் 11 பங்கு வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளியாகக் கணக்கிட்டால் 10.69 கிராம்.

0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு போதும். நிறுக்கும் முன் மின்விசிறியை நிறுத்த வேண்டும். காற்றில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், அப்புறம் எந்த எண்ணையும் நம்ப முடியாது. 100 கிராம் சோதனைக் கல்லை முதலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசை வைக்கலாம்.

16 காசுகள் 11.52 முதல் 11.64 வரை. கை பட்டுத் தேய்ந்த காசுக்கு இது இயல்பு. ஒன்று 9.8, அதற்கு மேல் பேச்சில்லை, ஜெர்மன் சில்வர் (பெயரில் மட்டும் வெள்ளி; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை). ஆனால் உறுத்துவது கடைசிக் காசு: ராஜாவின் காது, தாடி, அங்கிப் பூவேலை எல்லாம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, எடையோ முழுசாக 11.66. உருவம் தேய்ந்தால் எடையும் போக வேண்டும். தேய்ந்த காசை அச்சாக வைத்து வார்த்தால்தான் தேய்மானம் தெரியும், எடை குறையாது. வெர்னியர் காலிப்பரில் மூன்று இடத்தில் குறுக்களவு எடுத்தேன்: 30.1, 30.1, 30.2 மி.மீ. நல்ல காசு 30.5க்குக் குறையாது. வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் வார்ப்புக் காசு மூலத்தைவிடச் சற்றே சின்னதாகத்தான் வரும். குறைந்த அகலத்தில் எடையை நிரப்பக் கனத்தைக் கூட்டியிருக்கிறார்கள். நல்ல காசுகளோடு அடுக்கி வைத்து விரலால் தடவினாலே அது ஒன்று மட்டும் தடித்துத் தெரிகிறது.

ஜூலை 9, புதன்

தண்ணீர்ச் சோதனை. காசுக்கு ஒரு சேதமும் இல்லாத சோதனைகளில் இதைவிட நல்லது இல்லை. அமிலத்தைப் பிறகு பார்க்கலாம் என்றல்ல, பார்க்கவே வேண்டாம்.

பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம். சோப்பு இல்லாவிட்டால் எழுத்துகளுக்கு இடையே காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்க வேண்டும். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிட வேண்டும். நூலைப் பிடிக்கும் கை நடுங்கும், ஆகவே மேலே ஒரு குச்சியில் கட்டிவிடுவது நல்லது. இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை.

11.66ஐ அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. இந்தக் கலவைக்கு 10.34 வர வேண்டும். அதாவது தராசில் 1.13 அல்லது 1.12. நம் ஊர் வெயிலில் தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் 1.12 தான் அதிகம் வரும், பயப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையின் தடித்த காசு 1.34 காட்டியது. அடர்த்தி 8.7. ஜெர்மன் சில்வர்தான், முந்தையதைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது.

இரண்டாம் இலக்கத்தில் ஒரு புள்ளி தவறினால் அடர்த்தியில் கிட்டத்தட்ட 0.1 மாறும். அதனால் மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்காமல் யாரையும் கள்ளன் என்று சொல்லக் கூடாது.

ஜூலை 10, வியாழன்

ஒரு சந்தேகம் வந்தது: தண்ணீரை ஏமாற்ற முடியுமா? முடியும். ஈயம் 11.34, வெள்ளீயம் 7.3. ஐந்து பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தால் 10.34க்கு மிக அருகில் வந்து நிற்கும். ஆனால் அது சுண்டினால் பாடாது, ‘தொப்’ என்று விழும். வெள்ளைத் தாளில் விளிம்பைத் தேய்த்தால் பென்சில் போலக் கோடு விழும்.

காந்தமும் இங்கே கைகொடுக்கும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒட்டாதவை ஆயிரம் இருக்கின்றன, அதில் ஒன்றும் தெரியாது. நியோடிமியம் காந்தப் பட்டையைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து காசை விட வேண்டும். வெள்ளி தயங்கித் தயங்கி இறங்கும், ஏதோ தேனில் நழுவுவது போல. ஜெர்மன் சில்வரும் ஈயமும் சறுக்கிப் போய்விடும். செம்பும் தயங்கும், ஆனால் வெள்ளி முலாம் பூசிய செம்பைத் தண்ணீர் பிடித்துவிடும், அதன் அடர்த்தி 9ஐத் தாண்டாது. ஒன்றை ஏமாற்றியது இன்னொன்றில் மாட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

விளிம்பு. வாங்குகிறவர்கள் தலையையும் பூவையும் பார்க்கிறார்கள், விளிம்பை யாரும் பார்ப்பதில்லை. கள்ளக்காசு செய்பவனுக்கும் அது தெரியும், அங்கேதான் சோம்பல்படுவான்.

அடித்த காசில் விளிம்பு வரிகள் ஒரே இடைவெளியில், மேலிருந்து கீழ்வரை கூர்மையாக ஓடும். வார்த்த காசில் நடுவில் ஒரு மெல்லிய ஓட்டுக்கோடு இருக்கும், அல்லது அதை அரம் போட்டு ராவிய தடம் இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் வெற்றுப் பரப்பைப் பார்த்தால் ஊசி குத்தியது போன்ற குழிகள். பூப்பக்கத்தில் ‘யக் ருப்பியா’ என்ற பாரசீக எழுத்து நல்ல இடம்: வார்ப்பில் அதன் புள்ளிகள் அப்பிப் போகும், புதிதாக அச்சு வெட்டியவன் எழுத்துத் தெரியாதவனாக இருந்தால் புள்ளி இடம் மாறி உட்காரும்.

விளிம்பிலேயே இன்னொரு வியாதியும் உண்டு. காசுமாலையில் கோத்த ரூபாய்க்கு உச்சியில் காது வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். பின்னாளில் காதை அறுத்து, அந்த இடத்தை ராவி, வரிகளைக் கத்தியால் கீறி விற்பார்கள். காசு அசல்தான், விலை பாதிகூடப் போகாது. ராஜாவின் கிரீடத்துக்கு நேர்மேலே விளிம்பில் நிறம் வேறாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒலியும் சற்று மழுங்கியிருக்கும், பற்றாசு உள்ளே கிடப்பதால். ஆகவே ஒலி கெட்டதாலேயே கள்ளம் என்று முடிவுகட்டக் கூடாது.

ஜூலை 20, ஞாயிறு

மலிவான காசைக் கள்ளமாகச் செய்பவன் உலோகத்தில் திருடுகிறான். விலை உயர்ந்த ஆண்டைச் செய்பவன் உலோகத்தைத் தொடவே மாட்டான், நல்ல ரூபாயையே எடுத்து ஒரு எண்ணை மட்டும் மாற்றுவான். அங்கே தராசு, தண்ணீர், காந்தம் எல்லாம் ‘அசல்’ என்றே சொல்லும். லென்ஸ்தான் கதி.

முதல் ஆசை 1911. அந்த ஆண்டு ரூபாயில் ராஜாவின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியின் யானைக்குத் துதிக்கை குட்டையாக விழுந்து, பன்றிபோலத் தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட, அரசு காசைத் திரும்பப் பெற்று உருக்கியது; 1912இல் யானையைத் திருத்திப் புது அச்சு வந்தது. அதனால் 1917இன் 7க்கு மேல்கோட்டைச் சுரண்டி 1911 ஆக்குகிறவன் யானையை மறந்துவிடுகிறான். தேதி 1911, துதிக்கையோ நீளமாகத் தெளிவாக இருக்கிறது! தேதியைப் பார்ப்பதற்கு முன் யானையைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது 1939. ஆறாம் ஜார்ஜின் பழைய தர வெள்ளியில் அதுதான் கடைசி ஆண்டு, கிடைப்பது அரிது. பக்கத்து ஆண்டான 1938 எளிதாகக் கிடைக்கும். 8இன் கீழ்வட்டத்தில் இடது பக்கத்தைத் திறந்துவிட்டால் 9. இங்கே காட்டிக்கொடுக்க யானை இல்லை. சுரண்டிய இடத்தில் பரப்பு சற்றுப் பள்ளமாக, பளபளப்பு வேறாக இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில், மேசைமட்டத்துக்குத் தாழ்த்தி வைத்துக் காசைத் திருப்பினால் எண்ணைச் சுற்றி நிழல் விழும். ஐயமில்லாத 1938 ஒன்றைப் பக்கத்தில் வைத்து 8இன் அகலத்தோடு ஒப்பிட வேண்டும்; மாற்றிய 9க்கு 8இன் உடம்பு அப்படியே இருக்கும்.

இதே கண்ணால் 1862ஐயும் பார்க்கலாம். விக்டோரியா ரூபாயில் அந்த ஆண்டையே 1874 வரும்வரை மாற்றாமல் அடித்தார்கள். நடுவில் 1865, 1870 என்று யாராவது நீட்டினால் லென்ஸே தேவையில்லை.

ஜூலை 23, புதன்

1940 முதல் 1945 வரை. போர்க்கால ரூபாய், வெள்ளி பாதிதான்: 50 வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். எடை அதே 11.66. அடர்த்தி 9.5 பக்கம், தண்ணீரில் 1.22 காட்டும். பழைய கணக்கை வைத்து இதைக் கள்ளம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேய்ந்த இடத்தில் மஞ்சள் சாயல் அடிப்பதும் இயல்பே. விளிம்பில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும். கள்ளக்காசுக்காரனைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. பள்ளம் அடைபட்டுக் கிடந்தால் வார்ப்பு.

ஜூலை 27, ஞாயிறு

ஒரு பை நிறைய வந்த குப்பை. ராமர் பட்டாபிஷேகம், அனுமார், ஓம் போட்டு, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர், 1818 அல்லது 1616. கம்பெனி இப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று ‘ரைஸ் புல்லர்’ மோசடியில் லட்சக்கணக்கில் கைமாறுவதும் இந்தச் சாதிதான்.

கூடவே எட்டாம் எட்வர்டு தலை போட்ட இந்திய ரூபாய் ஒன்று. அவர் ஒரு வருஷம்கூட அரியணையில் இல்லை, அவர் தலையுடன் இங்கே ரூபாய் புழக்கத்துக்கு வரவில்லை. கட்ச் சமஸ்தானத்தின் சொந்த நாணயமான கோரியில், 1936இல் அடித்ததில், அவர் பெயர் உண்டு, அதுவும் எழுத்தில் மட்டும்.

ஆகஸ்ட் 2, சனி

விபூதி போட்டுத் துலக்கிய விக்டோரியா. குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு ஆகாது. பரப்பு முழுக்க மயிரிழைக் கீறல், இனி எதுவும் செய்ய முடியாது. அழுக்கோ பிசுக்கோ இருந்தால் சுத்த அசிட்டோனில் பத்து நிமிடம் போட்டு, துடைக்காமல் உலரவிட்டால் போதும். ஷூ பாலிஷ் பூசிப் பழசாக்கிய கருப்பு அதிலேயே கரைந்து வரும். வெள்ளியின் இயல்பான கருப்பு அசையாது. பள்ளத்தில் அடர்ந்து மேட்டில் வெளிறியிருப்பதுதான் இயல்பான கருப்பு.

ரப்பர் பேண்டு வேண்டாம், கந்தகம் வரிவரியாகக் கறுக்க வைக்கும். மலிவான பிவிசி உறையும் வேண்டாம், சில வருஷத்தில் பச்சைப் பிசின் கசியும். நூறு வயதைத் தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

உறையில் தனியாக நிற்கிறது ஒரு 1939. 11.62 கிராம், 30.5 மி.மீ., தண்ணீரில் 1.12, காந்தத்தில் தயக்கம், ஒலி கணீர். 9ஐச் சுற்றி நிழல் இல்லை, ஆனால் அதன் வால் சற்றுத் தடித்திருக்கிறது. உறைமேல் எண்களை எழுதி, பென்சிலால் ஒரு கேள்விக்குறி. இன்னொரு 1939ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை விற்கவும் இல்லை, ஆல்பத்தில் ஏற்றவும் இல்லை.