தொப்பி இருக்கு, பூட்ஸ் இருக்கு

போன வாரம் வீட்டம்மாவின் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு, மதுரை குன்னத்தூர் சத்திரத்தில் காத்துக்கொண்டிருந்தேன். முன்பு புது மண்டபத்தில் தூணோரம் மெஷின் போட்டிருந்த அண்ணன் கடை. போனில் இத்தாலியச் சிற்பி தொனாத்தெல்லோவின் வெண்கலத் தாவீது சிலைப் படம். அண்ணன் மிதிப்பதை நிறுத்தாமல் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, தொப்பி இருக்கு, பூட்ஸ் இருக்கு, நடுவுல ஒண்ணையும் காணோம்?" என்றார்.

கலை வரலாற்றுக்காரர்களும் அங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். வெட்டிய அரக்கன் கோலியாத்தின் தலைமேல் கால்வைத்து நிற்கிறான் பையன். அந்தத் தலைக்கவசத்தின் சிறகு அவன் தொடையின் உள்பக்கமாக மேலே ஏறிப்போகிறது. இதையெல்லாம் வைத்து, தொனாத்தெல்லோவின் ஆசை ஆண்கள் பக்கம் என்று 1957-இல் எழுதினார் கலை வரலாற்றுக்காரர் ஜான்சன். ஃபிளாரன்ஸ் நகரத்துப் பெரிய குடும்பமான மெடிசி வீட்டு முற்றத்தில் நின்ற அரசியல் சிலை, கொடுங்கோலனைச் சாய்க்கும் சின்ன ஊர் என்று அர்த்தம் என்பார்கள் இன்னொரு கட்சி. ரெண்டும் ஏன் சேர்ந்தே இருக்கக்கூடாது? ஆண்களுக்கிடையிலான உறவை விசாரிக்கவே ஃபிளாரன்ஸில் 1432 முதல் 1502 வரை தனி அதிகாரிகள் இருந்தார்கள், சுமார் 17,000 பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று அந்த ஏடுகளைப் புரட்டி வரலாற்றாசிரியர் மைக்கேல் ராக் கணக்குச் சொல்கிறார். சிற்பியின் மனசுக்குள் புகுந்து சொல்லும் ஆரூடத்தைவிட எனக்கு இந்த ஏடுதான் பெரிது.

ஏனென்றால் ஆரூடம் எங்கே போய் நிற்கும் என்று மனோதத்துவக்காரர் ஃப்ராய்ட் காட்டிவிட்டார். தொட்டிலில் கிடந்தபோது தன் வாயில் வாலை விட்டுத் தட்டிய பறவையைப் பற்றி லியோனார்டோ எழுதியதை எடுத்து, எகிப்தியக் கழுகுத் தாய்த்தெய்வம் வரை இழுத்து, அந்த ஓவியரின் ஆசையும் ஆண்கள் பக்கம்தான் என்று 1910-இல் ஒரு முழு விளக்கமே கட்டினார். லியோனார்டோ எழுதியது பருந்து. ஜெர்மன் மொழிபெயர்ப்பில்தான் அது கழுகாகிப்போனது.

மைக்கலாஞ்சலோ கதை நேர்மாறு. தொம்மாசோ என்ற இளைஞனுக்கு அவர் எழுதிய காதல் கவிதைகளை 1623-இல் அச்சிட்ட பேரப்பிள்ளை முறைக்காரர், ஆண்பாலைப் பெண்பாலாக்கிவிட்டார். தமிழில் என்றால் னகரத்தை ளகரமாக்கினால் போதும், வேலை முடிந்தது! 1863-இல் மூலம் அச்சாகும்வரை ஊர் அதைத்தான் படித்தது.

அதே காலத்து ஃபிளாரன்ஸ் பெண் உருவப்படங்களில், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, நகையெல்லாம் நம் பார்வைக்கு வைத்திருப்பார்கள். பார்க்கப்படுகிறாள், திரும்பிப் பார்ப்பதில்லை என்று கலை வரலாற்றுக்காரர் பேட்ரிஷியா சைமன்ஸ் 1988-இல் எழுதியதைப் படித்தபோது, எங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று கூடத்தில் அவள் தலைகுனிந்து நின்றதும், வந்தவர்கள் கழுத்தையே பார்த்ததும் ஞாபகம் வந்தது.

சரி, அண்ணனிடம் ஒன்று கேட்டேன். புது மண்டபத்தில் மூன்று தனங்களோடு தடாதகைப் பிராட்டி, நம்ம மீனாட்சி, நிற்கிறாளே, இத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தீர்களே, உற்றுப் பார்த்ததுண்டா?

"அது ஆத்தா தம்பி" என்றார், கொஞ்சம் கோபமாக. அப்புறம், "கொக்கி முன்னாடியா, பின்னாடியா?"