உருள்கிறது, நிற்க மறுக்கிறது: பட்டறை வண்டிக்குச் சக்கரம்

வேலை மேசைக்கு அடியில் சக்கரம் வைத்ததுதான் என் பட்டறை வண்டி, மொத்தம் 330 கிலோ. ஒரு கையால் தள்ளினால் போகிறது. இதை முதலில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பிரேக்கை மிதித்துவிட்டு வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியில்) ஒரு பட்டையை மாட்டி அரம் போட்டால், மொத்த வண்டியும் என்னோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுகிறது. இப்போதைய தலைவலி அதுதான்.

எடைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே 1200 × 600 மில்லிமீட்டர் அளவில் 10 மில்லி கனத்தில் எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட், அதுவே 56 கிலோ. ஸ்கொயர் பைப் சட்டம், ஆறு அங்குல வைஸ், பில்லர் டிரில்லிங் மெஷின், டிராயர் முழுக்க இரும்புச் சாமான். இன்னும் சேராமலா இருக்கும் என்று 400 வைத்துக்கொண்டேன். கடைக்காரர், "நாலு வீல் இருக்கு சார், ஒண்ணு நூறு கிலோ தாங்கினா போதும்" என்றார். "மூணால வகுங்கண்ணே" என்றேன். நம் ஊர் சிமெண்ட் தரையில் நாலாவது சக்கரம் எப்போதாவது அந்தரத்தில் நிற்கத்தான் செய்யும். 133 வருகிறது, அதனால் 200 கிலோ ரகம்.

உண்மையில் எடையை விடச் சக்கரத்தின் விட்டம்தான் முக்கியம். ஷெட் வாசலில் 12 மில்லி மேடு ஒன்று இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து அதில் ஏற, 100 மில்லி சக்கரம் என்றால் அதன் மேல் இறங்கும் எடையில் சுமார் 85 சதவீதம் அளவுக்குத் தள்ள வேண்டும். 150 மில்லி என்றால் 65. வண்டியின் உயரம் கூடுமே என்ற கவலை வேண்டாம், காலை வெட்டினால் தீர்ந்தது.

அடுத்து, எதில் செய்த சக்கரம்? வார்ப்பிரும்பு தரையைப் பெயர்த்துவிடும். நைலான் நன்றாக உருளும், விலையும் குறைவு. ஆனால் காலடியில் ஒரு டிரில் பிசிறு கிடந்தால் அங்கேயே முட்டி நிற்கும், சத்தமோ தெருவே திரும்பிப் பார்க்கும். ரப்பர் அமைதியானது, ஆனால் இந்த எடையில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகி, பிறகு தடக் தடக் என்றுதான் போகும். நான் எடுத்தது வார்ப்பிரும்பு நடுப்பகுதி மேல் பி.யூ. (பாலியூரித்தேன்) வார்த்தது. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பாலியெஸ்டர் வகை பி.யூ. ஈரப்பதத்தில் காலப்போக்கில் சிதைந்துவிடும். சென்னைக் காற்றில் என் பழைய டிராலியின் சக்கரம், பெரிதாக ஓடாமலே, ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும். சென்னை பாரிமுனைப் பக்கம் இரும்புச் சாமான் கடைகள் இருக்கும் செம்புதாஸ் தெருவில் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டை வாங்கிப் பார்ப்பதே வழி.

சக்கரத்துக்குள் பேரிங் 6204 என்ற எண்ணுள்ளது. உலோக மூடி போட்ட இசட்.இசட். வந்தது, கிரைண்டிங் தூசி உள்ளே போகும் என்று ரப்பர் சீல் போட்ட 2ஆர்.எஸ். மாற்றினேன். புதுப்பேட்டையிலும் கிடைக்கும், ஆனால் பேரிங் மட்டும் நல்ல டீலரிடம் வாங்குங்கள், போலி அதிகம். சக்கரத்தின் மேல் பிளேட்டை வண்டிக் காலில் வெல்டிங் வைக்காமல் எம்10 (10 மில்லி) போல்ட், தானாகக் கழலாத நைலாக் நட்டு போட்டிருக்கிறேன். வெல்டிங் சூட்டில், சக்கரம் திசை திரும்ப மேலே சுழலும் தலைக்குள் இருக்கும் கிரீஸ் போய்விடும், பிளேட்டின் முலாம் எரிந்து துத்தநாகப் புகை வேறு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஸ்கூட்டரும் அதே ஷெட்டில் நிற்பதால் வண்டி பக்கவாட்டில் நகர்ந்தாக வேண்டும். அதனால் நாலும் சுழலும் சக்கரம். சாதா பிரேக் சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது, தலை சுழன்றுகொண்டேதான் இருக்கும். சக்கர அச்சு தலையின் மையத்திலிருந்து 45 மில்லி தள்ளி இருக்கிறது. சக்கரம் தரையைப் பிடித்து நிற்க, அதைச் சுற்றி வண்டி வளைந்து ஊசலாடுகிறது. சக்கரத்தையும் தலையையும் சேர்த்துப் பூட்டும் டோட்டல் லாக் மாற்றினேன், விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆட்டம் பாதியானது, போகவில்லை. தலையின் குண்டு வரிசையில் கொஞ்சம் லூஸ், பி.யூ. அமுங்குவது கொஞ்சம், எல்லாம் சேர்ந்து வைஸ் உயரத்தில் இரண்டு மூன்று மில்லி வந்துவிடுகிறது. அரத்துக்குப் பரவாயில்லை, ஹேக்ஸா (இரும்பு அறுக்கும் ரம்பம்) போட்டால் எரிச்சல்.

பழைய ஃபிட்டர்களின் வித்தை ஒன்று உண்டு: பிரேக் போடும் முன் நாலு சக்கரத்தையும் நாலு திசையில் வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுவது. இது நிஜமாகவே வேலை செய்கிறது. வண்டியின் அடித்தளமும் அகலமாகும். எதிரெதிர்ச் சக்கரங்கள் உள்பக்கம் திரும்பி நின்றால் 500 மில்லி அகலம் 410 ஆகச் சுருங்கிவிடும். மேலே தலை கனத்த டிரில்லிங் மெஷின் இருக்கும்போது அது வேண்டாத விஷப்பரீட்சை.

இன்னொரு தொல்லை சரிவு. மழைத்தண்ணீர் வெளியே போக ஷெட் தரையை கேட் பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கு ஒன்று சரிவு என்றாலும் 330 கிலோவைக் கீழே இழுக்கும் விசை மூணேகால் கிலோ. புது பேரிங்கோடு இந்த வண்டி பிரேக் இல்லாமல் நிற்காது.

இப்போது வைஸ் பக்கக் கால்கள் இரண்டிலும் எம்16 நட்டை வெல்டிங் வைத்து, நீள போல்ட்டைக் கீழே இறக்கிப் பார்க்கிறேன். ஒரு சுற்றுக்கு 2 மில்லி இறங்கும். தரையைத் தொட்ட பிறகு ஒரு சுற்று போட்டாலே அந்தப் பக்கம் கல் மாதிரி நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் குனிந்து ஸ்பேனர் போட யாருக்கு முதுகு இருக்கிறது? காலால் மிதித்தால் வண்டியின் இரண்டு தாங்கு பாதமும் சேர்ந்து இறங்கும்படி ஒரு டாகிள் லிங்க் (மடங்கி நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும் இணைப்பு) வரைந்து வைத்திருக்கிறேன். பாதத்துக்கு அடியில் ஒட்ட 10 மில்லி ரப்பர் ஷீட் வேண்டும். அதை வாங்கப் போகும்போதே வெல்டிங் மெஷின் டிராலிக்கு 75 மில்லி நைலான் சக்கரமும் எடுக்க வேண்டும்; அதற்கு இவ்வளவு யோசிக்கப் போவதில்லை.