ஜார்ஜ் டவுன்: தெருப்பெயரை நம்பி ஏமாறாதீர்கள்

சென்னை ஜார்ஜ் டவுனின் அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை கிடையாது. ஆர்மீனியன் தெரு என்ற பெயர் ஊரார் வாயில் புரண்டு புரண்டு இப்படி ஆகிவிட்டது. பலகையில் அச்சாகிவிட்டதால், அங்கே ஏதோ ஜமீன் மாளிகை இருந்து இடிந்துபோனதாக நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சென்னையின் பழைய தெருக்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு வரும் முதல் சிக்கல் இதுதான்: பெயர் ஒரு துப்பு மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்குங்கள். மற்ற நாட்களில் பத்து மணிக்கு மேல் மீன்பாடி வண்டியும் சரக்கு ஆட்டோவும் தெருவை அடைத்துக்கொள்ளும். அண்ணாந்து பார்க்க நின்றால் முதுகில் மூட்டை இடிக்கும். இங்கே அண்ணாந்துதான் பார்த்தாக வேண்டும். தரைத்தளத்துத் திண்ணைகளெல்லாம் கடையாகி ஷட்டர் போட்டாயிற்று. கட்டிய வருஷம், சுதை வேலை, மரத்தூண் எது மிச்சமிருந்தாலும் முதல் மாடிக்கு மேலேதான். கைப்பிடிச் சுவரில் இருக்கும் வருஷத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. முகப்பைப் புதுப்பித்தபோது பொறித்ததாகவும் இருக்கலாம். பக்கத்துச் சந்துக்குள் போய், காரை உதிர்ந்த இடத்தில் செங்கல்லைப் பாருங்கள். தட்டையான சின்னச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தெரிந்தால், சுவர் அந்த வருஷத்தைவிட மூத்ததாக இருக்க வாய்ப்பு உண்டு.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்தில் ஒரு தூண் நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் பத்துப் பேருக்குக்கூட அது இன்னதென்று தெரியாது. அதில் உள்ள தேதி 1773 ஜனவரி 1. முதலில் இருந்த 'கறுப்பர் நகரம்', அதாவது உள்ளூர் மக்கள் குடியிருந்த பகுதி, இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் இடத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டை மதிலை ஒட்டியே இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, அதை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தார்கள். 1749இல் திரும்பி வந்த ஆங்கிலேயரும் அந்த வேலையை நிறுத்தவில்லை. பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக் கூடாது என்பது கணக்கு. 1757இல் ஊர்க்கோயிலும் போயிற்று. அதற்கு மாற்றாக எழுந்தவைதான் பூக்கடைப் பக்கம் இருக்கும் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் இரட்டைக் கோயில்கள். இதற்கு இந்தப் பக்கம் வீடு கட்டாதே என்று எல்லை காட்ட நட்ட ஆறு தூண்களில் மிஞ்சிய ஒன்றே பாரிமுனைத் தூண்.

இனி அரண்மனைக்காரன் தெரு. ஆர்மீனிய மாதா கோயிலில் இப்போதுள்ள கட்டடம் 1772ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. உள்ளே ஆறு மணிகள். முற்றத்தில் காலடியைப் பார்த்து நடங்கள், பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் இதே வளாகத்தில் இருக்கிறது.

வடக்கே மண்ணடிப் பக்கம் போனால் பவழக்காரத் தெரு. இந்தப் பெயர் பொய் சொல்லவில்லை. மத்தியதரைக் கடல் பவழத்தை இறக்கி, கோல்கொண்டா வைரத்தை ஏற்றிய போர்த்துகீசிய யூத வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் இருந்தார்கள். இன்று இந்தத் தெருவில் ஒரு யூத வீடுகூடக் கிடையாது. அவர்களின் பழைய கல்லறைக் கற்களைப் பார்க்க லாயிட்ஸ் சாலைக்குத்தான் போக வேண்டும்.

பிராட்வேயின் பலகைப் பெயர் பிரகாசம் சாலை. ஸ்டீபன் பாபம் என்ற வழக்கறிஞர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தூர்த்துச் சாலையாக்கும் வரை இது ஒரு பள்ள வாய்க்கால். கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. இடங்கை, வலங்கை என்று இரண்டு அணியாக நின்ற சாதிகளின் சண்டை முற்றியபோது, ஆளுக்கொரு பேட்டை என்று கிழக்கிந்தியக் கம்பெனி பிரித்துவிட்டது. தெருவைத் தாண்டும்போது அந்தப் பழைய எல்லையையும் சேர்த்தே தாண்டுகிறீர்கள்.

ஒரு வீட்டின் பூர்வீகம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது கதவு எண்ணில்தான். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. அந்தக் காலக் கல்யாணப் பத்திரிகையில் இருப்பது பழையது. அதை இன்றைய எண்ணாக நினைத்தால் எவர் வீட்டு வாசலிலோ போய் நிற்பீர்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சாதிப் பெயரை நீக்கச் சொன்னதால், சில பலகைகளில் பெயர் குறுகி, பத்திரத்தில் முழுசாகவே இருக்கும். ஆகவே கிரயப் பத்திரத்தில் எண்ணைவிடச் செக்குபந்தியை நம்புங்கள். 'இன்னார் வீட்டுக்கு வடக்கு, கோயில் மனைக்குக் கிழக்கு' என்று நான்கெல்லையும் அதில் வரும், அக்கம்பக்கத்தில் யார் குடியிருந்தார்கள் என்பதும் ஓசியில் தெரிந்துவிடும். வில்லங்கச் சான்றை பெரும்பாலும் 1975 முதல் இணையத்தில் பார்க்கலாம். அதற்கு முந்தையதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். தெருவின் பழைய பெயரையும் புதிய பெயரையும் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் 'பதிவு இல்லை' என்று வந்துவிடலாம்.

நடை இன்னும் தாங்கினால் ஏழுகிணறு. 1772இல் கேப்டன் பேக்கர் தோண்டியவை பத்துக் கிணறுகள். உருப்படியாக ஊறியவை ஏழு. அந்தத் தண்ணீர் போனது கோட்டைக்கு. வள்ளலார் குடியிருந்த வீராசாமி பிள்ளை தெருவும் இங்கேதான்.

கடைசியாக வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரிச் சாலை; பலகையில் வ.உ.சி. சாலை. ஹைதர் அலியின் குதிரைப்படைக்குப் பயந்து வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவுக்கு ஊரார்மேல் வரி போடத் திட்டம் போட்டார்கள். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. மதிலைத் தேடி இந்தச் சாலையில் அலையாதீர்கள். பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. தரையிலேயே போடாமல் அதை ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்று கேட்டால், பூங்காவுக்கு அடியில் இருப்பதே அந்த மதில்தான்.