சிங்கப்பூர் ஆற்றில் சீஸும் ஒயினும்: படகுச் சுவைப்புக்கான நாட்குறிப்பு

செப்டம்பர் 2, 2025, செவ்வாய்

படகு முடிவாகிவிட்டது. 13ஆம் தேதி சனிக்கிழமை மாலை ஆறரைக்கு ராபர்ட்சன் கீ படகுத்துறையில் ஏறி, மரினா பே வரை போய்த் திரும்பி, கிளார்க் கீயில் இறங்குகிறோம். பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம். கிளார்க் கீயிலிருந்து கிளம்பும் வழக்கமான சுற்றுலாப் படகு சுமார் 40 நிமிடத்தில் சுற்றி வந்துவிடும். அந்த நேரத்துக்குள் நான்கு வகை ஒயினை ருசிக்க நினைத்தால் அள்ளித் தெளித்த கோலமாகத்தான் முடியும். 40 நிமிடப் பயணமென்றால் இரண்டு ஒயின், இரண்டு சீஸ் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் படகை முழுதாக வாடகைக்கு எடுப்பதே நல்லது.

முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: சொந்தப் புட்டிகளைக் கொண்டுவரலாமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, கண்ணாடிக் குவளைக்கு அனுமதி உண்டா, மேசை விளிம்பில் தடுப்பு இருக்கிறதா, இடி மின்னல் வந்தால் பயணம் தள்ளிப்போகுமா, பணம் திரும்புமா. படகில் மின்மோட்டாரா டீசலா என்பதையும் கேளுங்கள். டீசல் என்றால் புகை பின்பக்கம் வரும், சுவைப்பவர்கள் முன்பக்கம் உட்கார வேண்டும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கவலை இல்லை. 1869இல் கட்டிய கேவனா பாலம் தாழ்வானது. ஆற்றில் சரக்குப் படகுகள் ஓடிய காலத்தில், நீர் ஏறியிருந்தால் அவை வற்றும் வரை காத்திருந்துதான் பாலத்துக்கு அடியில் நுழைந்தன. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் ஆற்றுக்குள் கடலின் ஏற்றவற்றம் வருவதில்லை, நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. ஆகவே வெயிலை மட்டும் பார்த்தால் போதும். சூரியன் மறைவது ஏழு மணியை ஒட்டி. அதற்கு முந்தைய அரைமணி வெளிச்சத்தில்தான் ஒயினின் நிறம் சரியாகத் தெரியும். இருட்டியபின் கரையோர விளக்குகள் வெள்ளை ஒயினைக்கூட இளஞ்சிவப்பாகக் காட்டும்.

அக்டோபர் முதல் வாரத்தை வேண்டுமென்றே தவிர்த்தோம். அப்போது நடக்கும் கார்ப் பந்தயத்தின் தடம் ஆண்டர்சன் பாலத்தின் மீதே போகிறது. அந்தச் சத்தத்தில் பேசவே முடியாது.

செப்டம்பர் 5, வெள்ளி

சீஸ் நான்கு: புதிய வெள்ளாட்டுப்பால் சீஸ், மென்மையான பிரீ, கடினமான மான்செகோ, நீலப் பூஞ்சையுள்ள ரோக்ஃபோர். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 25 கிராம். பன்னிரண்டு பேருக்கு வகைக்கு 300 கிராம், மொத்தம் 1.2 கிலோ. மான்செகோவின் மேல்தோலை யாரும் சாப்பிடுவதில்லை என்பதால் அதில் மட்டும் 50 கிராம் கூடுதல். இரவுச் சாப்பாடு தனியாக இருக்கிறது. இது வயிறு நிரப்பும் விருந்தல்ல, ஆகவே அளவைக் கூட்டவே கூடாது.

பிரீயை வாங்கும்போது ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் பதம். நடுவில் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கோடு தடிமனாக இருந்தால் இன்னும் பழுக்கவில்லை. அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் பதம் தாண்டிவிட்டது. பழுத்து வழியும் நிலையில் உள்ளதைப் படகுக்கு வாங்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் பத்து நிமிடத்தில் தட்டு முழுக்கப் பரவிவிடும்.

மான்செகோ ஸ்பெயினின் லா மாஞ்சா பகுதிச் செம்மறியாட்டுப் பாலில் செய்வது. ஆறு மாதம் பழுத்தது நமக்குப் போதும். அதோடு ஸ்பெயினில் சீமைமாதுளைப் பழக்கூழை வைப்பார்கள். இங்கே கொய்யாப்பழக் கூழைக் கெட்டியாகக் கிளறி வில்லை போட்டால் அதைவிட நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. இனிப்பும் லேசான புளிப்பும் ஆட்டுப்பாலின் கொழுப்பை வெட்டும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு சொல்: நன்கு முதிர்ந்த கடின சீஸில் லாக்டோஸ் ஏறக்குறைய இருக்காது. புதிய மென்சீஸில்தான் இருக்கும்.

செப்டம்பர் 8, திங்கள்

ஒயின்: பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு சோவினியோன் பிளாங் வெள்ளை, நுரைக்கும் கிரெமான், ஸ்பெயினின் டெம்ப்ரனியோ சிவப்பு, பிரான்சின் சோத்தேர்ன் இனிப்பு ஒயின். முதல் மூன்றும் 750 மில்லி புட்டி ஒவ்வொன்று. ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் 600 மில்லி ஆகும், மீதி மறுமுறை கேட்பவர்களுக்கு. கிரெமானில் நுரையோடு கொஞ்சம் போகும், அதில் மறுமுறை எதிர்பார்க்க வேண்டாம். சோத்தேர்ன் 375 மில்லி அரைப் புட்டி போதும், ஆளுக்கு 30 மில்லி. மொத்தத்தில் ஒருவருக்கு 180 மில்லி, அதில் ஆல்கஹால் ஏறக்குறைய 18 கிராம்.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை புட்டியின் விலையைப் பொறுத்ததல்ல, உள்ளே இருக்கும் ஆல்கஹாலைப் பொறுத்தது: ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 13 விழுக்காடுள்ள 750 மில்லி புட்டிக்கு 8 வெள்ளி 58 காசு, அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மலிவான புட்டிக்கும் உயர்ந்த புட்டிக்கும் தீர்வை ஒன்றே. 25 வெள்ளிப் புட்டியில் பெரும் பங்கு தீர்வைக்கும் கடை வாடகைக்கும் போய்விடும். 40 வெள்ளிக்கு ஏறும்போது கூடுதல் பணத்தில் பெரும்பகுதி ஒயினின் தரத்துக்குச் சேர்கிறது. குறைவாக வாங்கி நல்லதாக வாங்குவதே இந்த ஊருக்குச் சரியான வழி.

எல்லா சீஸுக்கும் சிவப்பு ஒயின்தான் ஜோடி என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. சிவப்பு ஒயினின் துவர்ப்பு பிரீயின் வெண்பூஞ்சைத் தோலோடு சேர்ந்தால் நாக்கில் இரும்புச் சுவை தட்டும். நீல சீஸோடு சேர்ந்தால் கசக்கும். வெள்ளை ஒயினின் புளிப்பும் கிரெமானின் குமிழும் கொழுப்பைக் கழுவிவிடுவதால் அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிறது. ரோக்ஃபோரின் உப்புக்கு சோத்தேர்னின் இனிப்பு. சிவப்புக்கு இடமிருப்பது மான்செகோவிடம்தான்.

பழைய, அடியில் வண்டல் படிந்த சிவப்பைப் படகில் ஏற்றாதீர்கள். தூக்கிக்கொண்டு நடந்த ஆட்டத்திலேயே வண்டல் கலங்கிவிடும்.

செப்டம்பர் 11, வியாழன்

யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்று கேட்டு முடித்தாயிற்று. நம் கூட்டத்தில் இதுதான் முக்கியமான வேலை. மான்செகோ, ரோக்ஃபோர், பார்மிஜானோ, கோம்தே போன்ற மரபு சீஸ்களில் பாலை உறையவைக்கக் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கிறார்கள். ‘பால்தானே’ என்று சைவர்களுக்குக் கொடுத்துவிடக் கூடாது. நுண்ணுயிர் ரென்னெட் என்று உறையில் அச்சிட்ட செடார் எளிதில் கிடைக்கிறது, மான்செகோவின் இடத்தில் அதை வைக்கலாம். தொழிற்சாலை பிரீ பலவற்றிலும் நுண்ணுயிர் ரென்னெட்தான், ஆனாலும் உறையைப் படித்தே வாங்க வேண்டும். ஒயினைத் தெளிவிக்க முட்டை வெள்ளைக்கருவோ மீன் பசையோ பயன்படுத்துவதும் உண்டு. கடும் சைவர்களுக்கு வீகன் என்று அச்சிட்ட புட்டிதான் பாதுகாப்பு.

கர்ப்பிணிகளுக்குப் பச்சைப்பால் சீஸ், மென்சீஸ், நீல சீஸ் மூன்றும் வேண்டாம், லிஸ்டீரியா கிருமியின் ஆபத்து. குடிக்காதவர்களுக்குச் சர்க்கரை போடாத குளிர்ந்த ஊலாங் தேநீர். அதன் துவர்ப்பு கடின சீஸோடு நன்றாகப் போகும். சோடாவும் பழச்சாறும் கொடுத்து அவர்களை ஓரங்கட்டுவது நல்ல உபசாரம் ஆகாது.

எல்லாருக்கும் அனுப்ப வேண்டிய செய்தி: அன்று மாலை வாசனைத் திரவியமும் தலை நிறைய மல்லிகையும் வேண்டாம். கூரை போட்ட படகில் ஒரு முழம் மல்லிகை போதும், சோவினியோன் பிளாங்கின் மணம் யாருக்கும் எட்டாது. மதியம் காரமாகச் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, படகேறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பிருந்து மிளகாய் வேண்டாம். கார் வேண்டாம், எம்ஆர்டி ரயிலில் வரட்டும். 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம்தான் சட்டத்தின் எல்லை, அதைக் கணக்குப் போட்டுப் பார்த்து வண்டி ஓட்டுவது தப்பு.

செப்டம்பர் 12, வெள்ளி

வெட்டுவது, அடுக்குவது எல்லாம் கரையிலேயே. ஆடும் படகில் கத்தி எடுக்கக் கூடாது.

பிரீயை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீளவாக்கில் வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் நடுவும் தோலும் சமமாக வரும். கூர்முனையை மட்டும் நறுக்கி எடுத்தால் கடைசி ஆளுக்குத் தோல்தான் மிஞ்சும். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டினால் ஒட்டாது. மான்செகோ மெல்லிய முக்கோண வில்லைகள். ரோக்ஃபோரைக் கத்தியால் அறுத்தால் உதிர்ந்து கூழாகும், இறுக்கிப் பிடித்த நூலால் அறுங்கள். வெட்டியதை வெண்ணெய்த் தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில். இறுக்கமான நெகிழித் தாள் வேண்டாம், சீஸ் வியர்த்து நெகிழி வாடை ஏறும்.

ஐஸ்பெட்டியின் அடியில் ஜெல் பைகள், அதன்மேல் மடித்த துண்டு, அதன்மேல் டப்பாக்கள். ஜெல் பை சீஸை நேரடியாகத் தொட்டால் அந்த இடம் உறைந்து, பிறகு மணல்போல் உதிரும்.

ஐரோப்பியப் புத்தகங்கள் சீஸை ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்லும். அது 18 டிகிரி அறைக்கு எழுதியது. இங்கே மாலையிலும் 28, 29 டிகிரி. மென்சீஸுக்குப் பத்து நிமிடம், கடின சீஸுக்குக் கால்மணி. அதற்கு மேல் போனால் மான்செகோ எண்ணெய் விட்டுப் பளபளக்கத் தொடங்கும். இன்னொரு சங்கடம் ஈரம். நம் காற்றில் 24 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளின் மீதும் நீர் படியும். பெட்டியிலிருந்து எடுத்ததும் சீஸைத் திறந்து வைத்தால் மேலெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். டப்பாவை மூடியபடியே வெளியே வைத்து, குளிர் விட்டபின் திறங்கள். பிஸ்கட்டும் அப்படித்தான்: திறந்த தட்டில் வைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நமுத்துப் போகும். உப்பில்லாத பிஸ்கட்டைக் காற்றுப் புகாத டப்பாவிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் எடுத்துக் கொடுங்கள். கூடவே 250 கிராம் பகெட் ரொட்டி இரண்டு. முறுக்கு, மிக்சர் வேண்டாம், பெருங்காயம் எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

ஐஸ் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. வெறும் ஐஸ் புட்டியை அங்கங்கேதான் தொடும், தண்ணீர் சுற்றிலும் தொடும். இருபது நிமிடத்தில் வெள்ளை ஒயின் பதத்துக்கு வரும். கிரெமான் 6 முதல் 8 டிகிரி, வெள்ளை 8 முதல் 10. சிவப்பை ‘அறை வெப்பத்தில்’ கொடு என்பதும் அந்தக் குளிர்ந்த ஊர் அறைக்குத்தான். நம் அறை வெப்பத்தில் டெம்ப்ரனியோ மருந்துபோல் சுடும். 16 டிகிரியில் பரிமாறக் குளிர்பெட்டியிலிருந்து நேராக ஐஸ்பெட்டிக்கு மாற்றி, ஊற்றுவதற்கு முன்கூட்டியே வெளியே எடுக்கிறோம்.

செப்டம்பர் 13, சனி

6.40. ராபர்ட்சன் கீ. 29 டிகிரி, மேகமூட்டம், இடி இல்லை. இந்தப் பகுதியில் காற்றும் கூட்டமும் குறைவு, எனவே மணத்தை நம்பியிருக்கும் சோவினியோன் பிளாங்கும் ஆட்டுப்பால் சீஸும் இங்கே. குவளையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. எதிரே படகு வந்தால் அதன் அலை தாண்டும் வரை புட்டியை நிமிர்த்திப் பிடித்திருங்கள். முதலில் ஒயின் ஒரு மிடறு, பிறகு சீஸ், சீஸ் வாயில் இருக்கும்போதே மறுபடி ஒயின். இரண்டாவது மிடறில் ஆட்டுப்பாலின் வெடுக்கென்ற புளிப்பு அடங்கி, பாலின் இனிப்பு மேலே வருவது தெளிவாகத் தெரிந்தது.

7.05. ரீட் பாலம் தாண்டிக் கிளார்க் கீ. கிரெமான் திறந்தோம். புட்டியைச் சாய்த்து, கார்க்கை இறுகப் பிடித்து, புட்டியைத்தான் திருக வேண்டும். உள்ளே கார்ச் சக்கரத்தில் உள்ளதைவிட அதிக அழுத்தம். கார்க் பறந்தால் ஆற்றில் விழும், அல்லது ஒருவர் முகத்தில். எல்ஜின் பாலத்துக்கு அப்பால் போட் கீ உணவகங்களின் பொரியல் புகை ஆற்றின் மேல் வரும். கிரெமானின் அழகு வாயில்தான், மூக்கில் இல்லை, அதனால் அந்தப் புகையிலும் தாங்கியது. பிரீ எட்டு நிமிடத்தில் இளகிவிட்டது, நினைத்ததைவிட விரைவு.

7.30. எஸ்பிளனேட் பாலத்தைக் கடந்ததும் குடா திறந்து காற்று முகத்தில் அடித்தது. ஓடும் படகில் இங்கே மோந்து பார்ப்பதில் பயனில்லை. சிங்கத்தலை மீன்சிலையான மெர்லயனுக்கு எதிரே வேகத்தைக் குறைக்கச் சொல்லி, டெம்ப்ரனியோவும் மான்செகோவும் கொய்யாவும். குவளையின் வாயை உள்ளங்கையால் மூடி, சுழற்றி, கையை எடுத்ததும் மோந்தால் மணம் பிடிபடும்.

7.50. திரும்பும் வழியில் சோத்தேர்னும் ரோக்ஃபோரும். தேனும் உலர் ஆப்ரிகாட்டும்போல் கனத்த மணம், எந்தக் காற்றும் அதைக் கலைக்காது. அதனாலேயே கடைசி இடம் அதற்கு. ரோக்ஃபோர் ஒரு சுண்டைக்காய் அளவு போதும்.

துப்பும் ஒயினுக்கும் மிச்சத்துக்கும் மூடியுள்ள வாளி. ஒரு துளிகூட ஆற்றில் ஊற்ற விடவில்லை. 1977 முதல் பத்து ஆண்டுகள் உழைத்துச் சுத்தம் செய்த ஆறு இது, இன்று மரினா நீர்த்தேக்கத்தின் பகுதி. நம் குழாயில் வரும் குடிநீருக்கு இதுவும் ஒரு மூலம்.

8.10. கிளார்க் கீயில் இறங்கியதும் புட்டிகளை அடைத்துப் பையில் போட்டாயிற்று. இரவு 10.30க்குப் பிறகு கரைப் படிகளில் உட்கார்ந்து குடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மிச்சம்: வெளியே இருந்த பிரீ குப்பைக்கு. சூட்டில் இரண்டு மணி நேரம் நின்ற மென்சீஸை மீண்டும் குளிர்பெட்டியில் வைப்பதில்லை. மான்செகோவைத் துருவி முட்டை தோசையின் மேல் போடலாம். சிவப்பு அடைப்பானோடு குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். சோத்தேர்ன் இனிப்பால் ஒரு வாரம் வரை நிற்கும்.

அடுத்த முறைக்கான திருத்தம் ஒன்றுதான்: பிரீ டப்பாவை கிரெமான் திறக்கும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும், முன்கூட்டியே அல்ல. ஊற்றி முடிப்பதற்குள் அது பதமாகிவிடும்.