அழைப்புமணியில் பெயர் ஒட்டிய பிறகுதான் வைஃபை வந்தது

ஜெர்மனியின் லைப்சிக் நகரின் கிழக்குப் பக்கம், ஐசன்பான் தெருவிலிருந்து ஐந்து நிமிட நடை. நூறு வருடத்துக்கும் மேல் பழைய செங்கல் கட்டடம், மூன்றாவது மாடி. நான்கு அறை, நான்கு பேர், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. நான் சேலம், ஒரு தம்பி மதுரை, இன்னொருவர் கொலம்பியா, நான்காமவர் பக்கத்து ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரர். இப்படிச் சேர்ந்து குடியிருக்கும் வீட்டை இங்கே வேகே என்பார்கள், வைஃபைக்கு வேலான் என்பார்கள். இரண்டு சொல்லையும் வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன், ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்து ஒழுங்காக ஓடவிட எனக்கு முழுசாக ஒரு குளிர்காலம் ஆனது.

அக்டோபரில் நான் வந்தபோது வீட்டில் இணையம் இருந்தது, அதனால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நவம்பர் கடைசியில், எங்களுக்கு முன்பிருந்தே இருந்த ஒருவர் வேறு வீட்டுக்குப் போனார். ஒப்பந்தம் அவர் பெயரில், ரவுட்டரும் அவருடையது. இரண்டையும் கையோடு கொண்டுபோய்விட்டார், அதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம் அம்மாவிடம் பேச உட்கார்ந்தபோதுதான் வீடு எவ்வளவு வெறுமையாகிவிட்டது என்று தெரிந்தது. குளிர்காலத்தில் இங்கும் ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அம்மா பத்து மணிக்குப் படுத்துவிடுவார் என்பதால் நான் இங்கே ஐந்து மணிக்கே கூப்பிட வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் அழைத்தால், "கண்ணு, உன் மூஞ்சி அப்படியே நிக்குது, பேச்சு மட்டும் விட்டு விட்டு வருது" என்பார். மாத டேட்டா பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடும்.

சரி, புது இணைப்பு வாங்கலாம் என்று சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். யார் பெயரில் என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டது. பெரும்பாலான ஒப்பந்தங்கள் 24 மாதம். ஜெர்மன்காரர் கோடையில் படிப்பு முடிந்து கிளம்புகிறார். கொலம்பியாக்காரருக்கு ஒரு முறை ஷூஃபா பார்த்து மறுத்துவிட்டார்களாம். (ஷூஃபா என்பது கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று பார்க்கும் பதிவு. புதிதாக வந்தவர்களுக்கு அதில் நல்லதும் இருக்காது, கெட்டதும் இருக்காது, அதுவே சில இடங்களில் சிக்கலாகிவிடும்.) கடைசியில் நான் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன் இரண்டு விஷயம் படித்தேன், அது தைரியம் கொடுத்தது. 2021 டிசம்பரில் வந்த தொலைத்தொடர்புச் சட்டப்படி, 12 மாத ஒப்பந்தமும் இருக்கிறது என்று நிறுவனம் காட்டியே ஆக வேண்டும். முதல் காலம் முடிந்தபின் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருடத்துக்கு நீளாது, ஒரு மாதம் முன்னால் சொன்னால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். மாதம் கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை என்று 12 மாதத்தையே எடுத்தேன். நாளை எங்கே வேலை கிடைக்கும் என்று தெரியாத நமக்கு அதுதான் சரி.

அப்புறம் டெக்னீஷியன் தேதி. காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் வருவார் என்று செய்தி வந்தது. அன்று வகுப்புக்குப் போகவில்லை. மணி அடித்தால் கேட்காமல் போய்விடுமோ என்று பாட்டுகூடப் போடாமல் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவே இல்லை. பன்னிரண்டேகாலுக்கு, "வந்தோம், உங்களைக் காணவில்லை" என்று குறுஞ்செய்தி. ஓடிப்போய்க் கீழே பார்த்தேன். தெருக்கதவின் பக்கத்தில் பித்தளைப் பலகை, அதில் பதினான்கு பொத்தான், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குடும்பப் பெயர். எங்கள் பொத்தானுக்கு எதிரே, போன மாதம் கிளம்பிப்போனவரின் பெயரும் ஜெர்மன்காரரின் பெயரும் மட்டும்தான் இருந்தன. இந்த நாட்டில் முகவரியில் வீட்டு எண் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவுதான். தபால்காரர், பார்சல்காரர், டெக்னீஷியன் எல்லோருக்கும் மணியிலும் தபால்பெட்டியிலும் இருக்கும் பெயர்தான் வழி. அது இல்லையென்றால் நீங்கள் அங்கே குடியிருக்கவே இல்லை. டெக்னீஷியன் வராமல் ஏமாற்றினால், ஒவ்வொரு தடவைக்கும் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், எது அதிகமோ அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் பெயர் ஒட்டாமல் இருந்தது நம் பக்கத்துக் குறை, அதற்கு எதுவும் கேட்க முடியாது. அடுத்த தேதி பதினாறு நாள் கழித்து.

அன்றைக்கே ஒரு காகிதத்தில் பெயரை எழுதி, செல்லோடேப்பால் மணியிலும் தபால்பெட்டியிலும் ஒட்டினேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதே. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது, ஒப்பந்தமும் அந்தப் பெயரில்தான். ஆக, லைப்சிக்கில் ஒரு தெருக்கதவில் என் அப்பாவின் பெயர் ஏறியது. படம் எடுத்து அனுப்பினேன். அப்பா அதிகம் பேசமாட்டார். "எழுத்து சின்னதா இருக்கு, மழையில நனையும், பெரிசா எழுதி ஒட்டுப்பா" என்று மட்டும் சொன்னார். பெரிசாக எழுதி, மேலே பிளாஸ்டிக் வைத்து ஒட்டினேன்.

இரண்டாவது முறை வந்த டெக்னீஷியன் முதலில் கேட்டது நிலவறைச் சாவியை. கட்டடத்துக்குள் வரும் தொலைபேசிக் கம்பியின் பெட்டி கீழே நிலவறையில் இருக்கிறது, அங்கே இணைத்தால்தான் மேலே உயிர் வரும். நல்லவேளையாகத் தரைத்தளத்துப் பாட்டியிடம் சாவி இருந்தது. தேதி வாங்கும்போதே சாவி யாரிடம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு இரண்டு வாரம் போகும்.

இணைப்பு வந்தது, 100 மெகாபிட். ரவுட்டரை நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கவில்லை. 2016 ஆகஸ்ட் 1 முதல் நமக்குப் பிடித்த ரவுட்டரை நாமே வைத்துக்கொள்ளும் உரிமை இங்கே சட்டத்தில் இருக்கிறது. பழைய ஃப்ரிட்ஸ்பாக்ஸ் 7530 ஒன்றை 45 யூரோவுக்கு வாங்கினேன். ஆனால் அன்று இரவு என் அறையில் வேகம் பார்த்தால் நான்கு மெகாபிட். கோபத்தோடு வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, நாற்பது நிமிடம் காத்திருந்து, உடைந்த ஜெர்மனில் சண்டை போட்டேன். மறுநாள் ஜெர்மன்காரர் தன் மடிக்கணினியை ரவுட்டரில் கேபிளால் நேராகச் செருகிக் காட்டினார். 94. கம்பியில் ஒரு குறையும் இல்லை, குறை வீட்டுக்குள்.

இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புகிறேன்: எதற்கும் முன்னால் கேபிள் போட்டுப் பாருங்கள். உண்மையிலேயே வேகம் குறைவு என்றால், மத்திய வலையமைப்பு ஆணையமான பண்டஸ்நெட்ஸ் அகென்டூர் வேகம் அளக்கும் செயலி ஒன்று வைத்திருக்கிறது. வெவ்வேறு மூன்று நாளில் மொத்தம் 30 முறை அளந்து, அந்த அறிக்கையை வைத்துக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம். ஆனால் அதையும் கேபிளில்தான் அளக்க வேண்டும், வைஃபையில் அளந்தது செல்லாது.

எங்கள் வீட்டின் அமைப்பு இப்படி. தொலைபேசிச் சாக்கெட் வாசல் கதவின் பக்கத்தில். அங்கிருந்து நீளமான நடை, பதினான்கு மீட்டர். நடையின் கடைசியில் என் அறை, அதற்கு முன் தம்பி அறை. நடுவில் சமையலறையும் குளியலறையும். குளியலறைச் சுவரில் ஓடு, தண்ணீர்க் குழாய், வெந்நீருக்கான பெரிய இரும்புப் பெட்டி. அந்தக் காலத்துச் செங்கல் சுவர் ஒன்றரை அடி தடிமன். வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசையில், 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டி வருவதற்குள் தேய்ந்துவிடுகிறது. 2.4 தாண்டி வருகிறது, ஆனால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அக்கம்பக்கத்து வீடுகளின் 27 வேலான்கள் அதே இடத்தில் நெரிசல். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத தடம் (சேனல்) அதில் மூன்றுதான், 1, 6, 11. பண்டிகை நாள் பேருந்து நிலையம் மாதிரி.

முதலில் ஒரு ரிப்பீட்டர் வாங்கி என் அறையில் செருகினேன். திரையில் சிக்னல் கட்டம் நிறைய வந்தது, வேகம் வரவில்லை. அது பாவம், தனக்கு வந்ததைத்தானே திருப்பிச் சொல்லும்? வந்ததே அரைகுறை. நடையின் நடுவில் வைத்தபோது முப்பது வந்தது, ஆனால் அதே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் பாதி போய்விடும். மின்கம்பி வழியாக இணையம் கொண்டுபோகும் சோடி ஒன்றைக் கொலம்பியாக்காரர் தந்தார். எங்கள் பழைய கம்பியில் அது நிலையாக நிற்கவில்லை, துணி இயந்திரம் ஓடும்போதெல்லாம் அறுந்தது.

கடைசியில் செய்ததுதான் நிலைத்தது. இருபது மீட்டர் தட்டையான லேன் கேபிள், பன்னிரண்டு யூரோ. ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது, முன்பணத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால் சுவரின் அடியில் இருக்கும் மரச்சட்டத்தின் விளிம்பில் பிசின் கொக்கிகளை ஒட்டி, கதவுக்கு அடியில் நுழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் தம்பியும் முட்டிபோட்டு இழுத்தோம். "அண்ணே, இந்த மூலையில மடிக்காதீங்க, உள்ள கம்பி முறிஞ்சிரும்" என்று சொல்லிச் சொல்லி, மூலையை வளைவாகவே திருப்ப வைத்தான். கேபிளின் மறுமுனையில் இன்னொரு பழைய ரவுட்டரை இணைத்து, இரண்டையும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்லில் மெஷ்ஷாக்கினோம், அதாவது இரண்டும் சேர்ந்து ஒரே வலையாக ஓடும். 5 கிகாஹெர்ட்ஸில் 100க்கு மேற்பட்ட தடம் வைத்தோம், அங்கே கூட்டம் இல்லை. ஆனால் ரேடாருக்கு முன்னுரிமை உள்ள தடம் என்பதால் பெட்டி போட்டவுடன் வைஃபை வராது, குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று அணைத்து அணைத்துப் போடாதீர்கள். என் அறையில் இப்போது 90.

பெட்டியை விட முக்கியமான வேலை ஒன்று பாக்கி இருந்தது. தம்பி வெள்ளிக்கிழமை இரவுகளில் புதுப்படம் டொரன்டில் இறக்குவான். ஊரில் அது பெரிய விஷயமில்லை என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே அப்படி இல்லை. டொரன்டில் இறக்கும்போதே நாமும் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம், உரிமைக்காரர்களின் ஆட்கள் நம் இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பிடித்து, வழக்கறிஞர் மூலம் அப்மானுங் என்ற எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார்கள். பக்கத்துத் தெரு வேகேயில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வந்தது, 900 யூரோவுக்கு மேல். கடிதம் இறக்கியவருக்கு வராது, ஒப்பந்தம் யார் பெயரிலோ அவருக்குத்தான் வரும். கூடக் குடியிருக்கும் பெரியவர்களுக்கு முன்கூட்டியே புத்தி சொல்லும் கடமை இணைப்புக்காரருக்கு இல்லை என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதும், தூக்கமில்லாமல் அலைய வேண்டியதும் அவர்தானே. நான்கு பேரையும் உட்கார வைத்து இதைச் சொன்னேன். தம்பி அன்றே அந்தச் செயலியை அழித்துவிட்டான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. விருந்தாளிகளுக்குத் தனி விருந்தினர் வலை, கடவுச்சொல் குளிர்பெட்டிக் கதவில்.

பணம் மாதம் 40, ஆளுக்குப் பத்து, ஒன்றாம் தேதி வங்கியிலிருந்து தானாக என் கணக்குக்கு வந்துவிடும். வீட்டுக்கு ஒன்று கட்ட வேண்டிய ஒலிபரப்புக் கட்டணம் அப்போது மாதம் 18.36, ஜெர்மன்காரர் பெயரில் இருந்தது, அதில் ஆளுக்கு 4.59. கேட்டு வாங்கும் சங்கடம் இல்லை.

கோடையில் ஜெர்மன்காரர் கிளம்பினார். அவர் அறைக்கு ஒரு நைஜீரியப் பெண் வந்திருக்கிறார். சாவி கொடுத்த கையோடு, பெட்டியைப் பிரிக்கும் முன்னாலேயே, பேனாவும் காகிதமும் கொடுத்து அவர் பெயரை எழுதச் சொல்லி இருவருமாகக் கீழே இறங்கிப் போனோம். பித்தளைப் பலகையில் அப்பா பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது, அங்கே ஒட்டினோம்.