அமெரிக்கச் சட்டப் படிப்பும் புலமைப்பரிசிலும்: ஒரு கடித உறை தின்ற மாதங்கள்

அமெரிக்காவில் ஜேடி என்ற மூன்று வருடச் சட்டப் பட்டம் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எல்சாட் எத்தனை எடுக்கவேணும்?" என்றுதான். எனக்கு மாதங்கள் போனது எல்சாட் என்ற அந்த நுழைவுத் தேர்வில் இல்லை, ட்ரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகப் பெறுபேற்றுப் பட்டியல்) உறையில்.

வெளிநாட்டுப் பட்டம் என்றால், படித்த பல்கலைக்கழகமே ட்ரான்ஸ்கிரிப்டை நேரடியாக எல்சாக்குக்கு (எல்சாட்டை நடத்தி, விண்ணப்பக் கோப்புகளைத் திரட்டிக் கல்லூரிகளுக்கு அனுப்பும் அமைப்பு) அனுப்ப வேண்டும். மாணவருக்கு வழங்கியது என்று குறித்த பிரதி செல்லாது. கருமபீடத்தில் இருந்தவருக்கு இது பழக்கமில்லை. "தம்பி, நாங்கள் கையிலைதான் குடுக்கிறனாங்கள். நீர் அனுப்பும்" என்றார். அனுப்பினேன், ஏற்கவில்லை. கூரியர் காசும் போய், கிறிஸ்மஸும் வந்துவிட்டது.

அடுத்த தடவை எல்சாக் கணக்கிலிருந்து ட்ரான்ஸ்கிரிப்ட் கோரிக்கைப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போனேன். அதில் பென்சில்வேனியா மாநில நியூட்டவுன் முகவரி இருக்கிறது. அதைக் காட்டியதும் வேலை நடந்தது. படிவமும் ட்ரான்ஸ்கிரிப்டும் பல்கலைக்கழகத்தின் சொந்த உறைக்குள் ஒன்றாகப் போக வேண்டும். உறையை ஒட்டிய பிறகு, மடிப்பின் மேல் பாதி, உறையில் பாதி விழுகிறமாதிரி கையொப்பமும் முத்திரையும் வைக்கச் சொல்லுங்கள். அனுப்புநர் இடத்தில் உங்கள் வீட்டு முகவரி இருக்கக் கூடாது. கூரியர் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று எழுத்தில் கொடுத்தால் அலுவலகத்துக்குத் தயக்கம் குறையும்.

எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு பெயர்ச் சிக்கலும் இருக்கிறது. ட்ரான்ஸ்கிரிப்டில் தகப்பன் பெயர் ஒற்றை முதலெழுத்து, கடவுச்சீட்டில் அதுவே விரிந்து குடும்பப் பெயர். எல்சாட் பதிவு கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். வித்தியாசத்தை எல்சாக்குக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள்.

தாமதத்தை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்லக் காரணம் காசு. பெரும்பாலான கல்லூரிகள் செப்டம்பரில் கதவைத் திறந்து, வர வர விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு சொல்கின்றன. கோப்பு முழுமையாகும்வரை உங்கள் முறை வராது. இடமும் பரிசில் பணமும் அதற்குள் கரைந்துகொண்டே போகும். வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடன் இல்லை, தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அங்கே வசிக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். ஆகவே பரிசில்தான் முழுக் கணக்கும்.

எல்சாட் 120 முதல் 180 வரை. 2024 ஓகஸ்ட்டிலிருந்து லொஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி இல்லை. 35 நிமிடப் பகுதிகள் நான்கு. தர்க்க நியாயம் இரண்டுக்கும் வாசிப்பு விளக்கம் ஒன்றுக்கும் புள்ளி உண்டு, நாலாவதற்கு இல்லை. ஆனால் எது அந்தப் புள்ளியில்லாப் பகுதி என்று தெரியாது. பிழைக்குப் புள்ளி வெட்டுவதில்லை, ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். இதைவிட முக்கியமான ஒன்று: கல்லூரிகள் வெளியிடும் ஜிபிஏ (பட்டப்படிப்பின் சராசரிப் புள்ளி) இடைநிலையில், அதாவது சேர்ந்தவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணில், எங்கள் வெளிநாட்டுப் பெறுபேறு சேர்வதில்லை. அவர்கள் கணக்கை நாங்கள் உயர்த்தக்கூடிய ஒரே எண் எல்சாட். கல்லூரியின் இடைநிலைப் புள்ளிக்கு ஒன்றிரண்டு கீழே நின்றால், இன்னொரு தடவை எழுதுவது கட்டுரையைப் பத்துத் தரம் திருத்துவதைவிடப் பலன் தரும்.

இனிப் பேரம், அதாவது இடம் தந்த கல்லூரியிடம் பரிசிலைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்பது. பரிசில் தொகையை ஒப்பிடாதீர்கள், கையிலிருந்து போவதை ஒப்பிடுங்கள். கட்டணம் 62,000 டொலரும் பரிசில் 30,000 உம் என்றால் மிச்சம் 32,000. கட்டணம் 50,000, பரிசில் 22,000 என்றால் மிச்சம் 28,000. சிறிய பரிசில்தான் மூன்று வருடத்தில் 12,000 டொலர் மிச்சம் பிடிக்கிறது. கடிதத்தில் உள்ள தொகை ஆண்டுக்கா, மூன்று ஆண்டுக்குமா என்பதையும் பாருங்கள்.

நான் எழுதிய மின்னஞ்சல் பத்து வரிகூட இல்லை. நன்றி, ஏன் அந்தக் கல்லூரி, மற்றக் கல்லூரியின் கடிதம் இணைப்பாக, இரண்டுக்கும் நிகரச் செலவு, ஆண்டுக்கு எவ்வளவு கூடினால் சேர்வேன் என்ற ஒரு எண். குடும்பக் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. இல்லாத சலுகையைச் சொல்லவே கூடாது, கடிதத்தை அனுப்பு என்று கேட்பார்கள். ஒத்த தரத்துக் கல்லூரியின் கடிதத்துக்குத்தான் மதிப்பு. ஒரு கல்லூரி ஒரே வரியில் மறுத்தது, ஆனால் தந்த இடத்தைப் பறிக்கவில்லை. இன்னொன்று ஐந்தாம் நாள் ஆண்டுக்கு 8,000 டொலர் கூட்டியது. அன்றைக்கு வீட்டில் ஒருத்தரும் நித்திரை கொள்ளவில்லை.

கட்டுப்படுத்தும் முன்முடிவுத் திட்டத்தில் (இடம் தந்தால் கட்டாயம் சேர்வேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது) விண்ணப்பித்தவருக்குப் பேரம் பேச இடமே இல்லை.  மற்றவர்கள், முடிவைச் சொல் என்று கல்லூரி அவசரப்படுத்தினால் பணிவாக அவகாசம் கேளுங்கள்.

"முதல் மூன்றிலொரு பங்கில் நின்றால் மட்டும் தொடரும்" என்பது போன்ற நிபந்தனை இருந்தால் தொகையை விட்டுவிட்டு முதலில் அதை நீக்கக் கேளுங்கள். முதல் வருடப் பாடங்களில் இத்தனை பேருக்குத்தான் ஏ என்று பல கல்லூரிகள் வரையறுத்திருப்பதால், எல்லோரும் உழைத்தாலும் சிலர் கட்டாயம் கீழே விழுவார்கள். எத்தனை பேருடைய பரிசில் குறைந்தது அல்லது பறிபோனது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கேட்கும் வருடாந்த 509 அறிக்கையில் வெளியிட வேண்டும். கையெழுத்திட முன் அந்த அட்டவணையைத் தேடிப் பாருங்கள்.

தொகை கூடியதும் புதிய கடிதத்தையும் மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தைத் திருத்தியும் கேட்டு வாங்குங்கள். பழைய ஐ-20 உடன் கொழும்புத் தூதரகத்துக்குப் போனால், வங்கியில் காட்ட வேண்டிய பணம் பழைய கணக்கிலேயே நிற்கும்.